நூற்றுப் பத்தும் நாலு மேசைக் கொசுறும்

பொங்கி வந்த காவிரித் தண்ணீரை அடக்க ஒரு சோழ மன்னர் கல்லைப் போட்டு அணை கட்டினார் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு நாம் ஆளாளுக்குப் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பொங்கி வந்த வோல்டேஜை அடக்க, கல்லும் இல்லாமல் மண்ணும் இல்லாமல், வெறும் பச்சை மசிக் கையெழுத்துகளாலேயே அணை கட்டிய மாமனிதர்கள் அதே தஞ்சாவூர்ச் சீமையில் நம் காலத்திலேயே வாழ்ந்தார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களுக்கு ஒரு சிலைகூட வைக்காதது நம்முடைய நன்றி கெட்ட குணத்தைத்தான் காட்டுகிறது. சிலை வைக்கத்தான் வக்கில்லை, போகிறது, ஒரு கதையாவது எழுதிவைப்போம்.

அந்த அணைக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டவர் பெயர் மனோகரன். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய துணைமின் நிலையத்தில் ரிலே பிரிவுக்கு உதவி செயற்பொறியாளர். இரண்டாயிரம் பிறந்த நிமிஷத்தில் உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் மக்கர் பண்ணப்போகின்றன என்று, கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட டீக்கடையில் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. நாட்டின் கதவுகள் திறந்துவிட்டதாகப் பேப்பரில் எழுதினார்கள். திறந்த கதவு வழியாக ஊர்ப் பிள்ளைகள் வெளியே போனார்கள், வெளிநாட்டுச் சாமான்கள் உள்ளே வந்தன. அப்படி உள்ளே வந்ததுதான் ஷன்ட் ரியாக்டர்.

ஒரு வீட்டு உயரம் இருக்கும். கப்பலில் வந்து, லாரியில் ஊர்ந்து, கும்பகோணத்து டவுன் பஸ்களையெல்லாம் அரை நாள் நிற்கவைத்துவிட்டு ஒரத்தநாடு வந்து சேர்ந்தது. பூசணிக்காய் உடைத்து, மாலை போட்டு, பொரிகடலை கொடுத்து இறக்கினார்கள். என்ன செய்கிற சாமான் என்று மாலை போட்டவருக்கே தெரியாது.

டெல்டாக்காரர்களுக்கு அதைப் புரியவைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. வயலுக்கு வாய்க்கால் இருந்தால் மட்டும் போதாது, வடிகாலும் வேண்டும். இல்லாவிட்டால் மழையில் நாற்று அழுகிவிடும். மின்சாரமும் அப்படித்தான். வெகு தூரத்திலிருந்து வரும் உயர் அழுத்த லைனில், இழுத்துச் செலவழிக்க மோட்டார்கள் ஓடாத நேரத்தில், வோல்டேஜ் தானாக ஏறும். அந்த மிகையை வாங்கிக்கொள்கிற வடிகால்தான் ரியாக்டர். ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. அளவு மீறினால் அது சூடாகி, உள்ளே இருக்கிற எண்ணெய் கொதித்து, கடைசியில் வெடிக்கும். அதனால் அதற்கு ஒரு காவல்காரனைப் போடுவார்கள். அதுதான் ரிலே என்கிற சின்னப் பெட்டி. 'வோல்டேஜ் இவ்வளவுக்கு மேல் போய் இவ்வளவு நேரம் நின்றால் லைனைத் துண்டித்துவிடு' என்று அதற்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அப்படிச் சொல்லிவைப்பதற்குப் பெயர் செட்டிங். துண்டிப்பதற்குப் பெயர் ட்ரிப்.

நியாயமான வோல்டேஜை நூறு என்று வைத்துக்கொண்டால், செட்டிங் நூற்றுப் பத்து, நேரம் ஐந்து விநாடி. ரியாக்டரைச் செய்த கம்பெனியே புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மனோகரனும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். அதே விடைதான் வந்தது. 'நூற்றுப் பத்து, ஐந்து விநாடி, ஒப்புதல் வேண்டப்படுகிறது' என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். சனியனை விலை கொடுத்து வாங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் அரசாங்கத் தாளில் எழுதிக் கேட்டு வாங்கினார்.

அந்தச் சமயத்தில் அவருக்கு இருந்த ஒரே நினைப்பு மஸ்கட். மனோகரனுக்குச் சொந்த ஊர் மல்லிப்பட்டினம். கூடப் படித்து எட்டாம் வகுப்பில் நின்றுவிட்டவர்களெல்லாம் துபாய், தோஹா என்று போய்வந்து மாடிக்கு மேல் மாடி வைத்துவிட்டார்கள். முதல் வகுப்பில் தேறி இன்ஜினியரான மனோகரன், ஒழுகுகிற குவார்ட்டர்ஸ் கூரைக்குத் தார் பூசச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர், "என்னப்பா, நீ இன்னும் இங்கதான் இருக்கியா?" என்று கேட்பார். சாம்பார் தொண்டையில் நிற்கும்.

கடைசியில் கும்பகோணம் 'நெய்னா டிராவல்ஸ்' நெய்னா முகம்மது மூலமாக மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் ரிலே இன்ஜினியர் வேலை கிடைத்துவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்றுதான். இவரை வெளிநாட்டுக்கு அனுப்ப ஆட்சேபணை இல்லை என்று இலாகா ஒரு சான்று தர வேண்டும்.

"தம்பி, ஆடி பொறக்குற வரைக்கும்தான் கம்பெனிக்காரன் சீட்ட வச்சிருப்பான்" என்றார் நெய்னா முகம்மது. "அதுக்குள்ள சர்ட்டிபிகேட் வந்துடணும். ஒரு மெமோ, ஒரு என்கொயரின்னு ஒங்க பேர்ல எதுவும் இருந்துடக் கூடாது. இருந்துச்சு, அதோட போச்சு."

"அதெல்லாம் ஒண்ணும் வராது பாய்."

"இன்ஷா அல்லாஹ்ன்னு சேத்துச் சொல்லுங்க தம்பி. ஆபீஸ் விஷயமாச்சே."

இங்கேதான் காலம் தன் கைவரிசையைக் காட்டியது. இலாகாவில் 'பூஜ்ய ட்ரிப்பிங் இயக்கம்' தொடங்கப்பட்டது. தஞ்சாவூரில் ஓர் ஓட்டலின் ஏ.சி. ஹாலில் கூட்டம். சென்னையிலிருந்து டை கட்டிய நிபுணர் ஒருவர் வந்திருந்தார். சித்திரை வெயிலில் டை கட்டிக்கொண்டு வியர்க்காமல் நின்றதிலிருந்தே அவர் நிபுணர் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. திரையில் படம் போட்டு விளக்கினார்.

"ட்ரிப்பிங் மெஷின்ல இல்ல நண்பர்களே. நம்ம மனசுல இருக்கு. கஸ்டமர் கரண்ட் கேக்கறார். நாம என்ன தர்றோம்? ட்ரிப் தர்றோம். அவர் ட்ரிப் கேட்டாரா?"

"கேக்கல சார்" என்று ஹால் முழுக்க ஒரே குரல்.

மனோகரனுக்கு நாக்கில் சனி. எழுந்து நின்றார். "சார், ஆபத்து வந்தா ட்ரிப் ஆகித்தானே தீரணும்? அதுக்குத்தானே ரிலே வச்சிருக்கு?"

கடித்த வடையைக் கடித்தபடியே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நிபுணர் மிகுந்த வருத்தத்தோடு சிரித்தார். "பாத்தீங்களா, 'நெகட்டிவ் திங்க்கிங்'. ஒங்க பேர் என்ன சார்?"

பெயரைக் குறித்துக்கொண்டார். பிறகு அறிவிப்பு வந்தது. ஒரு ட்ரிப்பும் இல்லாத வட்டத்துக்குச் சுழற்கேடயம். ட்ரிப் ஆகிற இடத்தில் சம்பந்தப்பட்டவருக்கு மெமோ. மெமோ என்றதும் மனோகரனுக்கு மஸ்கட் ஒரு முறை கண்ணிலிருந்து மறைந்து திரும்பி வந்தது.

மறுநாளே செயற்பொறியாளர் செல்லத்துரை கூப்பிட்டுவிட்டார். செல்லத்துரை நல்ல மனிதர். ஒரத்தநாடு சந்தைக்குத் தானே பையை எடுத்துக்கொண்டு போய், முற்றின வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து விலக்கி, பேரம் பேசி வாங்குகிறவர். அந்த அனுபவம் முழுவதையும் அரசுப் பணிக்கு அர்ப்பணித்திருந்தார்.

"என்ன மனோகரன், மொட்டையா நூத்திப் பத்துன்னு போட்டு வச்சிருக்கீங்க?"

"அதாங்க சார் அளவு."

"அளவு சரி. கொசுறு எங்க?"

"சார்?"

"அரைக் கிலோ கத்திரிக்கா வாங்குனா ரெண்டு காய் மேல போடுறாளா இல்லியா? கறிவேப்பில ஒரு கொத்து சும்மா தர்றாளா இல்லியா? கூடைய வச்சுக்கிட்டுத் தரையில ஒக்காந்துருக்கற பொம்பளைக்கு இருக்கற பெரிய மனசு, இவ்ளோ பெரிய இலாகாவுக்கு இருக்க வேணாமா?"

"இது ரியாக்டருங்க சார். கொசுறு போட்டா வெந்துபோயிடும்."

"ரெண்டுதானேய்யா! நூத்திப் பன்னண்டுன்னு போடும். ட்ரிப் ஆச்சுன்னா எனக்குல்ல மொத மெமோ வரும்?"

நூற்றுப் பன்னிரண்டு ஆயிற்று. கோப்பு, வட்டத்துக்கே தலைவரான மேற்பார்வைப் பொறியாளர் ரெத்தினத்தின் மேசைக்குப் போனது. கீழே இருக்கிறவர் இரண்டு போட்டிருக்கும்போது மேலே இருக்கிறவர் அதைவிடக் குறைத்துப் போட்டால் பதவிக்கு என்ன மரியாதை? அவர் மூன்று போட்டார். நூற்றுப் பதினைந்து. போட்டுவிட்டு, மனோகரனை வரச் சொன்னார். எண்ணைவிட அந்த ஐந்து விநாடிதான் அவருடைய மனதை உறுத்தியது. ரெத்தினம் பல காலம் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் இருந்தவர். எதிலும் சட்டப்படி நடப்பவர்.

"அஞ்சு செகண்டுல துண்டிக்கணுமா? என்னங்க அராஜகமா இருக்கு?"

"சார், அதுக்கு மேல தாங்காது..."

"இருங்க. ஒரு வாட்ச்மேன் டூட்டில தூங்கறான். என்ன பண்றோம்? ஒடனே வீட்டுக்கு அனுப்பிடறோமா? விளக்கம் கேக்கறோம். பதினஞ்சு நாள் டைம் தர்றோம். அவன் பதில் எழுதறான். அப்புறந்தானே நடவடிக்கை? தூங்குனவனுக்கே அப்படின்னா, இந்த லைன் பாவம், வாயில்லா ஜீவன். அதுக்கு ஒரு வாய்ப்புத் தர வேணாமா?"

"லைனுக்கு நோட்டீஸ் குடுக்க முடியாதுங்க சார்."

"அதனாலதான் டைமாவது குடுங்கறேன். பதினஞ்சு நாள் வையுங்க."

"அந்த ரிலேல பத்து நிமிஷத்துக்கு மேல வைக்கவே முடியாதுங்க சார்."

ரெத்தினம் தலையில் கை வைத்துக்கொண்டார். "வெளிநாட்டுக்காரன் மெஷினுன்னா இப்படித்தான். நம்ம சர்வீஸ் ரூல் ஒரு எழுத்து தெரியாம செஞ்சு அனுப்பியிருக்கான் பாருங்க. சரி, பாதியாவது வையுங்க. அஞ்சு நிமிஷம்."

மனோகரன் வாயைத் திறந்தார். அப்போது ரெத்தினம் மேசையில் இருந்த இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்திவைத்தார். ஒன்று செட்டிங். இன்னொன்று மஸ்கட்.

"ரெண்டையும் ஒண்ணாவே அனுப்பிடலாம்னு பாக்கறேன். ஒண்ணு நின்னா இன்னொண்ணும் நிக்கும். ஒங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லியே?"

திறந்த வாயை மூடிக்கொண்டு, 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் மனோகரன்.

"ஒங்களுக்கு ஆட்சேபணை இல்லேன்னா எங்களுக்கும் ஆட்சேபணை இருக்காது பாருங்க" என்றார் ரெத்தினம் பரிவோடு.

கோப்பு திருச்சி போயிற்று, அங்கே மூன்று. சென்னை போயிற்று, அங்கே கமிட்டி கூடி, முந்திரி பக்கோடா தின்று, இரண்டு. ஆக நூற்று இருபது, ஐந்து நிமிடம். வைகாசிக் கடைசியில் ஆணை வந்தது. மனோகரனே போய் ரிலேயில் வைத்துவிட்டு வந்தார். மஸ்கட் கோப்பு மட்டும் 'பின்னால் வருகிறது' என்றார்கள்.

வீட்டில் சுந்தரி வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். மஸ்கட்டில் நல்ல வடகம் கிடைக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் தொடக்கப்பள்ளி ஆசிரியை. புருஷன் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். விஷயத்தை வாங்கினாள்.

"அப்ப தண்ணி வர்ற அன்னிக்கு என்னங்க ஆகும்?" என்று கேட்டாள்.

சரியான இடத்தில் கை வைத்துவிட்டாள். அந்தப் பக்கத்தில் போர் மோட்டார்தான் நாற்றங்காலுக்குப் படியளக்கிறது. கல்லணை திறந்து, புது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று தெரிந்த கணத்தில் அத்தனை பேரும் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஆற்றங்கரைக்கு ஓடிப் பூத்தூவுவார்கள். ஒரு பிர்க்கா முழுக்க ஒரே நேரத்தில் மோட்டார் நின்றால் வோல்டேஜ் எங்கே போகும்? மேலேதான் போகும்.

"ஆவறது ஆவட்டும். நான் அதுக்குள்ள போயிடுவேன்" என்றார் மனோகரன்.

"நீங்க போயிடுவீங்க. அது வெடிச்சா பக்கத்துல யாரு நிப்பா?"

"டூட்டில இருக்கறவங்க. ஜாஃபர் சாதிக்."

ஜாஃபர் சாதிக் சவூதியில் வயரிங் வேலை பார்த்துத் திரும்பி வந்து, இப்போது காண்ட்ராக்டில் ஆபரேட்டராக இருப்பவர். குவார்ட்டர்ஸுக்குப் பின்தெருவில்தான் வீடு.

"ஷமீராகிட்ட சொல்லிட்டீங்களா, ஒம் புருஷன் பக்கத்துல வெடி வச்சிருக்கேன்னு?"

"என்னைப் போக வேணாங்கறியா?"

"நான் அப்படிச் சொன்னனா? தாராளமாப் போங்க. கண்ட கண்ட எடத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்து, சோத்து மேல கோவத்தக் காட்டாதீங்கன்னுதான் சொல்றேன்." வடகக் குழலை ஒரு திருகு திருகினாள்.

ஆனி பிறந்தது. கல்லணை திறந்தார்கள். மஸ்கட் கோப்பு இன்னும் பின்னால்தான் வந்துகொண்டிருந்தது. புது ஆற்றில் தண்ணீர் ஒரத்தநாட்டை நெருங்கிய அன்று மாண்புமிகு ஒருவர் வந்து கடைத்தெருவில் மேடை போட்டுப் பேசினார். மனோகரன் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் துணைமின் நிலையத்துக்கு வந்து, சும்மா வந்ததாகச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார்.

தண்ணீர் வந்துவிட்டது என்று வெளியே அதிர்வேட்டுப் போட்டார்கள். மோட்டார்கள் நின்றன.

"சார், நூத்திப் பதிமூணு" என்றார் ஜாஃபர் சாதிக், மீட்டரைப் பார்த்து.

"ம்."

"நூத்திப் பதினேழு. சத்தம் கேக்குதா சார்?"

கேட்காமல் என்ன? அதுவரை வண்டு மாதிரி ரீங்கரித்துக்கொண்டிருந்த ரியாக்டர், அரவை மில் மாதிரி இரைய ஆரம்பித்திருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டெலிபோன் அடித்தது. யாரோ ஒருவர், தன் வீட்டு மிக்சி மூடியைத் தூக்கி எறிந்துவிட்டது, சட்னி சீலிங்கில் இருக்கிறது என்று புகார் சொன்னார்.

"நூத்தி இருபத்தொண்ணு சார்."

ரிலே விழித்துக்கொண்டது. ஆனால் துண்டிக்கவில்லை. ஆணைப்படி ஐந்து நிமிடத்தை எண்ணத் தொடங்கியது. லைனுக்குத் தன் தரப்பு விளக்கத்தை அளிக்க வாய்ப்பு வழங்கப்பட்டிருந்தது. அது விளக்கம் எதுவும் அளிக்காமல் ரியாக்டரை வேகவைத்துக்கொண்டிருந்தது. எண்ணெய் காய்கிற நாற்றம் அறைக்குள் வந்தது. அபாய மணி அடித்தது.

ஜாஃபர் சாதிக் செருப்பை மாட்டினார்.

"எங்க போறீங்க?"

"மணி அடிச்சா ரியாக்டர்கிட்ட போயி எண்ணெய்ச் சூட்ட மீட்டர்ல பாத்து எழுதணும் சார். ரூல் அப்படி."

"போகாதீங்கங்க! பைத்தியமா ஒங்களுக்கு? அது வெடிக்கப் போவுது!"

"பாக்கலேன்னா காண்ட்ராக்டர் என்னைத் தூக்கிடுவாரு சார். லைனக் கையால நிறுத்தலாம்னா, காண்ட்ராக்ட் ஆளு பட்டனத் தொடக் கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்காங்க. வேற என்ன பண்ணச் சொல்றீங்க?" கதவைத் திறந்துகொண்டு போயேவிட்டார்.

ஜன்னல் வழியாக மனோகரன் பார்த்தார். புகைகிற ரியாக்டரை நோக்கி ஜாஃபர் சாதிக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். மனோகரன் பட்டன் பலகைக்குப் பாய்ந்தார். 'மஸ்கட்டாவது மண்ணாங்கட்டியாவது, நாசமாப் போக' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, கையால் லைனை நிறுத்துகிற சிவப்புப் பட்டனை ஓங்கி அமுக்கினார்.

இரைச்சல் நின்றது. ஜாஃபர் சாதிக் பாதி வழியில் திரும்பிப் பார்த்து, இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார்.

ஒரத்தநாட்டில் அதே நேரம், "இன்றைக்கு மின்தடை என்ற பேச்சே—" என்று முழங்கிக்கொண்டிருந்த மாண்புமிகுவின் மைக் போயிற்று. வாய் மட்டும் ஆடியது. கூட்டம் விசிலடித்தது. சற்று நேரத்தில் எங்கெங்கோ பேசி, வோல்டேஜைக் குறைத்து, கரண்டை மறுபடி கொடுத்துவிட்டார்கள். ரியாக்டருக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் மாண்புமிகுவுக்குப் பெரிய காயம். மறுநாளே மெமோ வந்தது, அதன் பின்னாலேயே விசாரணையும் வந்தது.

விசாரணை அதிகாரி மிக நேர்மையானவர். இலாகா கொடுத்த காப்பியைக்கூடத் தொடவில்லை.

"ரிலே ட்ரிப் பண்ணல. நீங்கதான் பண்ணியிருக்கீங்க. சரியா?"

"சரிங்க சார். ஆபத்தா இருந்துச்சு."

"ஆபத்து இருந்திருந்தா ரியாக்டர் எரிஞ்சிருக்கணுமே. நான் நேர்ல போயிப் பாத்தேன். புதுசு மாதிரி இருக்கு."

"நான் நிறுத்துனதாலதாங்க எரியல."

"நீங்க நிறுத்தலேன்னா எரிஞ்சிருக்கும்னு ஒங்களால நிரூபிக்க முடியுமா?"

"அத நிரூபிக்கணும்னா எரிய விட்டுத்தாங்க சார் பாக்கணும்!"

"பாத்திருக்கலாமே" என்றார் அதிகாரி, நிதானமாக. "எரிஞ்சிருந்தா நீங்க செஞ்சது சரின்னு நானே எழுதியிருப்பேன். இப்ப ஒங்களுக்கு எதிரா இருக்கற ஒரே சாட்சி அந்த ரியாக்டர்தான்."

அறிக்கை அப்பழுக்கில்லாமல் அமைந்தது. ட்ரிப் செய்தது ரிலே அல்ல, மனிதர். ஆகவே பூஜ்ய ட்ரிப்பிங் சாதனைக்குப் பங்கமில்லை, சுழற்கேடயம் ரெத்தினத்தின் வட்டத்துக்கே. அடுத்து, நூற்று இருபத்தொன்றைச் சேதமின்றித் தாங்கியதிலிருந்து, இப்போதுள்ள செட்டிங் ரியாக்டரின் திறமையைக் குறைத்து மதிப்பிடுவதாகத் தெரிகிறது. ஆகவே அதை நூற்று முப்பதாக உயர்த்தலாம்.

ரெத்தினம் மனோகரனை அழைத்து உட்காரவே சொன்னார். "நடந்தது நடந்துபோச்சு. நீங்களே போயி நூத்தி முப்பது வச்சுட்டு, வச்சாச்சுன்னு எழுதிக் குடுத்துடுங்க. ஒரு எச்சரிக்கையோட முடிச்சுடறேன். ஒங்க சர்ட்டிபிகேட் அன்னிக்கே கைக்கு வந்துடும். இல்லேன்னா நான் ஒண்ணும் பண்றதுக்கில்ல."

வாசலில் இறங்கியதும் எதிரே இருந்த டெலிபோன் பூத்திலிருந்து மனோகரன் நெய்னா முகம்மதுவுக்குப் போன் போட்டார். "தம்பி, ஆடி பொறக்கப் போவுது. இன்னம் நான் என்னத்தச் சொல்லி அவன நிறுத்தி வைக்கிறது?" என்றார் அவர். குரலில் நிஜமான கவலை இருந்தது.

மனோகரன் நேராகத் துணைமின் நிலையத்துக்குப் போனார். ரிலே அறையில் ஜாஃபர் சாதிக் மட்டும் இருந்தார். மனோகரன் பட்டன்களைத் தட்டி நூற்று முப்பது என்று போட்டார். பச்சைத் திரையில் எழுத்து மினுக்கியது. செட்டிங்கை மாற்றப்போகிறீர்கள், நிச்சயம்தானா, ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டது.

ஒரத்தநாட்டிலிருந்து சென்னை வரை எத்தனை மேசை, எத்தனை டிகிரி, எத்தனை பச்சை மசி! 'நிச்சயம்தானா?' என்று ஒருத்தன் கேட்டானா? இந்தத் தகரப் பெட்டி கேட்கிறது.

'இல்லை' என்று அமுக்கினார். அதோடு விடவில்லை. நூற்றுப் பத்து, ஐந்து விநாடி என்று போட்டார். ரிலே மறுபடியும் கேட்டது. 'ஆமாம்' என்று அமுக்கினார். பிறகு மேசைக்கு வந்து, 'ஆணைப்படி செட்டிங் வைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜாஃபர் சாதிக் எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே ரொம்ப முக்கியமான எதையோ பார்க்கிறவர் மாதிரி திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே சான்று கைக்கு வந்தது. ஆனியின் கடைசி வெள்ளிக்கிழமை மனோகரன் வடகத்தோடு விமானம் ஏறினார்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மோட்டார்கள் நின்றன, வோல்டேஜ் ஏறியது, நூற்றுப் பத்தைத் தாண்டிய ஐந்தாவது விநாடி ரிலே லைனைத் துண்டித்தது. அதற்குள் பூஜ்ய ட்ரிப்பிங் இயக்கம் முடிந்து 'வாடிக்கையாளர் புன்னகை இயக்கம்' வந்துவிட்டதால் யாரும் மெமோ கொடுக்கவில்லை. கமிட்டி மட்டும் கூடி ஆராய்ந்தது. செட்டிங் நூற்று முப்பது. ரிலே ட்ரிப் செய்திருக்கிறது. ஆகவே வோல்டேஜ் நூற்று முப்பதைத் தாண்டியிருக்கிறது. அப்படியும் ரியாக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை! கமிட்டியின் தொலைநோக்கைப் பாராட்டி விழா எடுத்தார்கள். செல்லத்துரைக்குப் பொன்னாடை, ரெத்தினத்துக்குப் பதவி உயர்வு.

ஜாஃபர் சாதிக் இதை மஸ்கட்டுக்குப் போன் போட்டுச் சொன்னபோது மனோகரன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் பயம் வந்துவிட்டது.

"யாராவது வந்து ரிலேயத் தொறந்து பாத்துட்டா என்னங்க பண்றது?"

"யாரு சார் வரப் போறா? ரூம்ல ஏ.சி. கூட இல்ல."

உண்மைதான். வருடத்துக்கு ஒரு தடவை செட்டிங்கை நேரில் வந்து சரிபார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை 'நேரில் சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை மசியில் கையெழுத்தும் விழுகிறது. அலுவலகத்தை விட்டு அசையாமலே அந்தக் கையெழுத்தைப் போட்ட பெருமக்களை நாம் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அவர்களில் ஒரே ஒருவர் தன் கடமையை ஒழுங்காகச் செய்திருந்தால் போதும், ஜாஃபர் சாதிக் செத்திருப்பார்.